ஏற்காட்டுக் குளிரை வைத்து இமயமலையைக் கணக்குப் போடாதீர்கள்

தீபாவளி விடுமுறையை ஒட்டி கேதார்நாத், முக்திநாத், இமாசல மலையேற்றம் என்று கிளம்புகிறவர்கள் மருத்துவச் சான்றிதழ் வாங்க சேலத்தில் என் கிளினிக்குக்கு வருவார்கள். பிரஷர், சர்க்கரை, ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, "குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "டிசம்பர்லயே ஏற்காட்டுல தங்கியிருக்கோம் டாக்டர், தாங்கிக்குவோம்."

எனக்குக் கவலை தருவதே அந்த நம்பிக்கைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால்தான் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் சால்வையைத் தேடுகிறோம். அங்கே நனைந்தாலும் ஏரிக்கரையில் டீக்கடை இருக்கிறது, திரும்பிப் போக அறை இருக்கிறது. இமயத்தில் அக்டோபர் வேறு மாதிரி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றழுத்தத் தாழ்வு வடக்கே நுழையும்போது, கனமான குளிர்காற்று ஈரமான வெப்பக்காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. காற்று திசை மாறி வேகமெடுக்கும், மேகம் திரளும், சில மணி நேரத்தில் பனி கொட்டும். காலையில் வெயில் அடித்த பாதை மாலையில் கண்ணுக்கே தெரியாது.

நம் வங்கக் கடலுக்கும் இதில் பங்கு உண்டு. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அதன் மிச்ச ஈரம் வடக்கே போய், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பனிச்சரிவிலும் குளிரிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் வைணவர்கள் சேவிக்கப் போகும் முக்திநாத், அந்தக் கணவாயிலிருந்து இறங்கினால் வரும் ஊர்தான். அக்டோபர் அங்கே மலையேற்றத்துக்கு நல்ல மாதம் என்று பெயர் பெற்றது. ஆகவே தெற்கே புயல் எச்சரிக்கை வந்தால், வடக்கே மலையில் இருப்பவரும் செய்தியைக் கவனிக்க வேண்டும்.

குளிரில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காற்றும் ஈரமும் சேர்ந்துதான். 0 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரிக்குச் சமம். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காயாது. ஒருவர் காட்டிய பயணப் பையில் நாலு பருத்தி பனியன், இரண்டு வேட்டி, ஒரு மங்கி குல்லா, கனமான ஸ்வெட்டர் ஒன்று. காற்றையும் மழையையும் தடுக்க ஒன்றுமே இல்லை. ஸ்வெட்டர் வழியே காற்று தாராளமாகப் புகும். உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி, நடுவில் ஃபிலீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைத் துணி, வெளியே நீர்புகா ஜாக்கெட் என்று அடுக்கச் சொன்னேன்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறோம். முதலில் நடுக்கம். பிறகு விரலால் ஜிப் போட முடியாது, கால் தடுமாறும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பாதிக்கப்பட்டவரைக் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். மூளையே மந்தமாகியிருப்பதால் அவருக்குத் தெரியாது, கூட வருபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுக்கம் நின்றபின் ஆள் மந்தமாகிக்கொண்டே போனால் சுதாரித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை முற்றிவிட்டது. அந்தக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிகிறது என்று துணியைக் கழற்றுவதும் உண்டு.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் அதிக நேரம் பேசுவேன். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். அதைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளூக்கோமீட்டரும் குளிரில் பிழை காட்டும், அதற்கும் அங்கேதான் இடம். தாழ்சர்க்கரையும் குளிர்ப் பாதிப்பும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்: குழறல், தடுமாற்றம், எரிச்சல். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் விரல் விறைப்பதை உணரமாட்டார்கள். அடுப்பருகே காலைக் காட்டினால் வெந்துபோவதும் தெரியாது. ஆகவே இரவு தவறாமல் காலுறையைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

யாராவது துவண்டால் காற்றுக்கு மறைவான இடம், ஈரத் துணி மாற்றம், தரையில் படாதபடி பாய் அல்லது பை, தலைக்கு மூடல், நெஞ்சுக்குச் சூடு. தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். பிராந்தி கொடுக்கக் கூடாது. தோல் இரத்தக்குழாயை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும். கைகால்களைத் தேய்க்காதீர்கள். மூடிய கூடாரத்துக்குள் கரியடுப்பு வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். நினைவிழந்தவரை மெதுவாகத் தூக்க வேண்டும், குலுக்கினால் குளிர்ந்த இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கி நின்றுவிடக்கூடும்.

காற்றழுத்தத்தை அளந்து உயரம் காட்டும் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முகாமில் உட்கார்ந்திருக்கும்போதே அதில் உயரம் ஏறிக்கொண்டே போனால் காற்றழுத்தம் குறைகிறது, வானிலை கெடக்கூடும் என்று பொருள். மேற்கே மேகமும் தடித்தால் மறுநாள் கணவாயைக் கடக்கும் திட்டத்தை வழிகாட்டியோடு பேசி நிறுத்திவையுங்கள். ரயில் டிக்கெட்டை நெருக்கமாகப் போடாமல், கையில் உபரியாக இரண்டு நாள் வைத்துக்கொண்டால்தான் அப்படி நிறுத்த மனசு வரும்.