கூரைக்கு நீலம் ஏற்றும் ஏரி

சமையலறை மார்பிள் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தியதைத் துடைக்காமல் விட்டால் மறுநாள் அந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கும், விரலால் தடவினால் லேசான சொரசொரப்பு தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறை இல்லை, கல்லே கொஞ்சம் கரைந்துவிட்டது.

சிலி நாட்டின் தெற்குப் பகுதியான படகோனியாவில் ஜெனரல் கரேரா ஏரிக் கரையில் இருக்கும் பளிங்குக் குகைகளும் இதே மாதிரி கரைந்து பிறந்தவைதான். பளிங்கு என்பது பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய சுண்ணாம்புக்கல். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஏரித் தண்ணீரில் கலந்தால் அது மிகமிக மெல்லிய அமிலமாகிறது, அதிலும் ஜில்லென்ற தண்ணீரில் இந்த வாயு கூடுதலாகவே கரையும் (வெயிலில் வைத்த சோடா சீக்கிரம் சப்பென்று ஆகிவிடுகிறதே, அதற்கு நேர் எதிர்). அமிலம் கல்லை இளக்க, படகோனியக் காற்று கிளப்பும் அலை ஓயாமல் வந்து மோத, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாறையின் அடிப்பகுதி குடைந்துபோய் தூண்களும் வளைவுகளும் மட்டும் மிஞ்சின. சுவரெங்கும் உள்ளங்கையில் குழித்தது போல சின்னச் சின்னப் பள்ளங்கள்.

சரி, குகைக் கூரையில் தெரியும் அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? பளிங்கு வெறும் வெள்ளையும் சாம்பலும்தான். மலைமேல் பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையைத் திருகை மாதிரி அரைத்து மாவாக்குகிறது, உருகிய நீரோடு வந்து சேரும் அந்த மாவு அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிட, மிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் மேல்நோக்கிச் சிதறடிக்கின்றன. அந்த ஒளி வெள்ளைக் கூரையில் போய் விழுகிறது, அவ்வளவுதான். எனக்கு இந்தக் குகைகளிலேயே பிடித்த விஷயம் இதுதான்: கல்லைக் குடைந்த தண்ணீரே அதற்கு நிறமும் கொடுக்கிறது.

போகிறவர்கள் புவர்ட்டோ ரியோ டிராங்கிலோ என்ற சின்ன ஊரிலிருந்து படகு பிடிக்க வேண்டும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பிற்பகலில் காற்று ஏறினால் ஏரி கொந்தளிக்கும். கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது, இடுக்குகளுக்குள் நுழையலாம். உள்ளே போனதும் துடுப்பை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். அலை அசைய அசைய கூரையில் நீல வெளிச்சம் வலை போல நெளியும், ஒரு மேகம் சூரியனை மறைத்ததும் சட்டென்று வெறும் சாம்பல் கல்லாகிவிடும்.