பார்த்துத் தடுக்க நேரமில்லை: நெருங்கிய சண்டையில் கை எப்படி வேகமாகிறது?

கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, வரும் குத்தைப் பார்த்துத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர் பெரும்பாலும் அடி வாங்குவார். கணக்கு அப்படி இருக்கிறது. ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதற்கு ஒரே ஒரு அசைவைத் தொடங்கவே இளவயதினருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். 60 செ.மீ. தள்ளியிருக்கும் முஷ்டி சராசரியாக வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால், 100 மில்லி செகண்டில் தாடையில் இருக்கும்.

நரம்பை வேகப்படுத்தி இந்த இடைவெளியை அடைக்க முடியாது. கை நரம்புகளில் செய்தி ஏற்கெனவே வினாடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கழுத்திலிருந்து விரல் நுனிக்குப் போக ஏறக்குறைய 15 மில்லி செகண்ட் போதும். மிச்ச நேரத்தில் பெரும்பங்கு கண்ணிலும் மூளையிலும் கழிகிறது: வருவது என்ன, அதற்கு என்ன செய்வது? பயிற்சியால் குறைப்பது அந்தப் பங்கைத்தான்.

முதல் வழி, தேர்வுகளைக் குறைப்பது. 1952-ல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற உளவியல் ஆய்வாளர் பத்து விளக்குகளை வைத்துச் செய்த சோதனையில், எரியக்கூடிய விளக்குகளின் எண்ணிக்கை கூடக்கூட, சரியான பொத்தானை அழுத்த ஆகும் நேரமும் கூடியது. ஒரு குத்துக்கு ஐந்து விதத் தடுப்பு கற்றவர் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். அறை, வளைந்து வரும் குத்து, வீச்சு என்று பக்கவாட்டில் வரும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போதும்: தலைமுடியைக் கோதுவதுபோல உள்ளங்கையைக் காதுக்கு மேலே ஒட்டி, முழங்கையை முன்னால் நீட்டி, தாடையைத் தோளுக்குள் புதைப்பது. திடுக்கிட்டால் கை தானாகவே முகத்தை நோக்கி எழும். அந்த இயல்போடு ஒத்துப்போவதால் இது சீக்கிரம் படியும்.

பார்வை முஷ்டியின் மேல் போகக்கூடாது. எதிராளியின் நெஞ்செலும்பின் மேற்பகுதியில் நிலைத்திருக்கட்டும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவத் தொடங்கவே ஏறக்குறைய 200 மில்லி செகண்ட் ஆகும். தாவும் கணத்தில் பார்வையும் மங்கும். ஓரப் பார்வை உருவத்தைத் தெளிவாகக் காட்டாது, ஆனால் அசைவை நன்றாகப் பிடிக்கும். முஷ்டி கிளம்புமுன் தோள்பட்டையும் இடுப்பும் அசைந்துவிடுகின்றன. அந்த முன்னறிவிப்பு அங்கே தெரியும்.

இவற்றைவிடப் பெரிய லாபம் தொடுவதில் இருக்கிறது. சீனத் தற்காப்புக் கலைகளான விங் சுன்னில் 'சீ சாவ்', தை சீயில் 'கை தள்ளல்' என்று மணிக்கட்டை மணிக்கட்டோடு ஒட்டிவைத்துப் பழகுவது வெறும் சடங்கு இல்லை. கையை யாராவது சட்டென்று தள்ளினால், இழுபட்ட தசை 20 முதல் 45 மில்லி செகண்டுக்குள் முதுகுத்தண்டு வழியாகவே ஒருமுறை துடிக்கிறது. அதை மாற்ற நம்மால் ஆவது மிகக் குறைவு. ஆனால் 50 முதல் 100 மில்லி செகண்டுக்குள் இரண்டாவது துடிப்பு வருகிறது. அது நம் எண்ணத்துக்குக் கட்டுப்பட்டது. 1956-ல் ஹேமண்ட் என்ற ஆய்வாளர், கை இழுபடுமுன்பே சிலமுறை "எதிர்த்துப் பிடி" என்றும் சிலமுறை "விட்டுவிடு" என்றும் சொல்லிவைத்தார். சொன்னதற்கேற்பத் தசையின் துடிப்பு மாறியது. பதிலை முன்பே ஏற்றிவைத்துவிட்டால், பார்த்துச் செய்வதற்கு ஆகும் நேரத்தில் பாதிக்குள் கை வேலை செய்யும்.

பழகும் முறை: இருவரும் ஒரு முன்கையை ஒட்டி நிற்கவும். அழுத்தம் ஒரு நோட்டுப்புத்தகத்தின் எடை அளவுக்கு இருந்தால் போதும். ஒருவர் நெஞ்சை நோக்கித் தள்ள, மற்றவர் 10, 15 செ.மீ. மட்டும் திசைதிருப்ப வேண்டும். 30 வினாடி செய்து ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு சுற்று. பிறகு தடுப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்போது தள்ளுபவர் திறந்த உள்ளங்கையால் தோளையும் நெஞ்சையும் மட்டுமே தொட வேண்டும், முகத்தை அல்ல.

பெரும்பாலும் கெடுவது இறுக்கத்தால். கையை முறுக்கிவைத்தால் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். அசையத் தொடங்குமுன் ஒன்று தளர வேண்டும், அதற்கே நேரம் போகும். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இறுகிவிட்டீர்கள் என்று பொருள். மூச்சை வெளியே விட்டுத் தோளை இறக்கிவிட்டுத் தொடருங்கள். தொடர்பு அறுந்த கையைத் துரத்திப் போவது இன்னொரு தவறு. துரத்தும்போது நடு உடல் திறந்துபோகும். தொடர்பு அறுந்ததும் முழங்கையை விலாவுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அடிப்பவர் ஒரே தாளத்தில் அடித்தால் பயிற்சி பாழ். தடுப்பவர் தாளத்தைத்தான் கற்பார். இரண்டு அடிகளுக்கு இடையே 1 முதல் 5 வினாடிவரை மாற்றி மாற்றி இடைவெளி விடுங்கள். ஐந்தில் ஒருமுறை பாவ்லா மட்டும் காட்டி நிறுத்துங்கள். அதற்கும் கை பெரிதாகப் பாய்ந்தால் அது பதற்றம். முதலில் ஒரே அடி, பாதி வேகம். பத்தில் எட்டு தடுக்க முடிந்தபின் வேகத்தையோ, அடியின் வகையையோ கூட்டுங்கள். இரண்டையும் ஒரேநேரத்தில் வேண்டாம். முழு வேகத்துக்கு வந்தால் பல்கவசமும் கையுறையும் கட்டாயம்.

முன்னேற்றத்தை அளக்க, விழும் ஸ்கேலைப் பிடிக்கும் சோதனையைப் பலர் செய்கிறார்கள். 20 செ.மீ.யில் பிடித்தால் 0.2 வினாடி. கணக்கு சரி, ஆனால் அது ஸ்கேல் பிடிப்பதைத்தான் அளக்கிறது. மொபைலின் ஸ்லோ மோஷனில், வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில் பக்கவாட்டிலிருந்து படம்பிடியுங்கள். கண்ணால் பார்த்துத் தடுக்கும் சுற்றில், அடிப்பவரின் தோள் அசைந்த பிரேமிலிருந்து உங்கள் கை கிளம்பிய பிரேம்வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் சுமார் 4 மில்லி செகண்ட். எண்ணிக்கை 24-க்குக் கீழே வந்தால் 100 மில்லி செகண்டுக்கும் குறைவு. அது பெரும்பாலும் ஊகம், அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காமல் இடைவெளிகளை இன்னும் கலைத்துப்போட்டு மறுபடி எடுங்கள்.