ஆர்னிஸ் பழகும்போது விரல் எப்போது உடைகிறது?

ஆர்னிஸ் என்ற பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டைக் கலையைப் பழகுகிறவர்கள் வீங்கிய விரலோடு வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, "சண்டையிலா, ஜோடிப் பயிற்சியிலா?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் ஜோடிப் பயிற்சி. முகமூடி, கையுறை, மார்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மோதுகிற நாளில் கொஞ்சம் வீக்கம், கன்றிப்போன தோல் என்று தப்பித்துவிடுகிறார்கள். டீ-ஷர்ட்டோடு, சிரித்துப் பேசிக்கொண்டு கம்பைக் கம்பில் தட்டுகிற சாதாரண மாலையில்தான் எலும்பு போகிறது.

நான் துபாயில் பிசியோதெரபிஸ்ட். விரல், மணிக்கட்டு, முழங்கை, இவைதான் தினசரி வேலை. இங்கே பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறையப் பேர். வார விடுமுறையில் ஹால் பிடித்து ஆர்னிஸ் பழகும் சின்னச் சின்னக் குழுக்கள் உண்டு. கூட வேலை பார்க்கிற நம்மவர்களும் போய்ச் சேர்கிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். தாராளமாகப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். எந்தக் கம்பை வாங்குவது, எதை மாட்டிக்கொண்டு நிற்பது என்ற கேள்விகள் மட்டும் அடிபட்ட பிறகே கேட்கப்படுகின்றன.

ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர்களிலும் வழங்குவது ஒரே குடும்பத்துக் கலைதான். 2009 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அரசு குடியரசுச் சட்டம் 9850 மூலம் ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளி உடற்கல்வியிலும் சேர்க்கச் சொன்னது. ஆனால் கலை வளர்ந்தது அதற்கு வெகுகாலம் முன்பு, தீவுக்குத் தீவு, குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு விதமாக. செபு நகரில் 1932-இல் டோசே பாரெஸ் சங்கம் தொடங்கியது. அதில் இருந்த வெனான்சியோ பேகன் பிரிந்துபோய் 1952-இல் பாலின்தவாக் தெருவில் தனிக் குழு கண்டார். ஒற்றைக் கம்பு, மிக நெருக்கமான தூரம். இந்தத் தூரக் கணக்கு ஒவ்வொரு பாணிக்கும் மாறும். எந்த உறுப்புக்கு ஆபத்து என்பதும் அதோடு சேர்ந்து மாறும்.

தூரத்தில் நின்று ஆடுகிறவர்களுக்கு முதல் இலக்கு எதிராளியின் தலையல்ல, கம்பு பிடித்த கை. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதற்குப் பெயர். கை போனால் ஆயுதம் போயிற்று. அந்தக் காலத்துப் பயிற்சியில் மாணவனின் கையையே அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். வீங்கிய கையோடு போனவன் மறுநாள் வரமாட்டான். நீக்ரோஸ் தீவில் பிறந்த ரெமி பிரெஸாஸ் 'மாடர்ன் ஆர்னிஸ்' என்ற பாணியை உருவாக்கியபோது, கையை விட்டுவிட்டுக் கம்பையே அடியுங்கள் என்று மாற்றியது இதனால்தான். என் பார்வையில் ஆர்னிஸ் பயிற்சி முறையில் நடந்த மிகப் பெரிய பாதுகாப்புச் சீர்திருத்தம் அதுதான். எந்தக் கையுறையும் அதற்கு ஈடில்லை.

ஆனால் கம்பைக் கம்பால் அடிக்கிற பயிற்சிக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. சினவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிரே, ஆளுக்கு இரண்டு கம்பு, மேல் கீழ் என்று ஆறு முறை அடிக்கும் சுற்று. அடுத்த அடி எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியும். தெரிவதால் பயம் போய்விடுகிறது. பயம் போனதும் இன்னும் நெருங்கி நிற்கிறார்கள், வேகம் ஏறுகிறது. சண்டையில் இருப்பதைவிட அதிக வேகத்தில், எந்தக் கவசமும் இல்லாமல் கம்பு சுழல்கிறது. கையுறை போட்டால் பிடி சரியாக அமையவில்லை என்று யாரும் போடுவதில்லை. களைப்பில் ஒருவர் எண்ணிக்கை தவறிக் கீழே அடிக்க, மற்றவர் மேலே அடிக்கிறார். இரண்டு கம்பும் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்புதான் இருக்கிறது. மற்றது விரல்மேல் இறங்குகிறது, இல்லையென்றால் கண்ணில்.

விரல் ஏன் அவ்வளவு சுலபமாக உடைகிறது? தொங்கிக்கொண்டிருக்கும் கையில் அடி விழுந்தால் கை விலகிக்கொள்ளும். கம்பை இறுகப் பிடித்திருக்கும் விரலுக்கு விலக இடமில்லை. ஒரு கம்புக்கும் இன்னொரு கம்புக்கும் நடுவே நசுங்குகிறது. கட்டை விரலைக் கம்பின் நெடுக்கில் நீட்டிப் பிடிக்கிறவர்களுக்கு முதல் பலி அந்த விரல்தான். மடக்கிப் பிடிக்கப் பழகுங்கள்.

அடிபட்டதும் ஒரு சோதனை செய்யலாம். மெதுவாக முஷ்டியை மடக்கச் சொல்வேன். நான்கு விரல் நுனிகளும் உள்ளங்கையில் கட்டை விரலின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டாலோ, வேறு திசையைப் பார்த்தாலோ எலும்பு உடைந்து திருகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். விரல் நேராக நீட்டியிருக்கும்போது இது தெரியவே தெரியாது. எக்ஸ்ரே எடுத்து, கை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து இதில் தாமதமாவதற்கு ஒரே காரணம் தடவல். பிலிப்பைன்ஸில் ஹிலோட் என்று ஒரு கைவைத்தியம் உண்டு. நம் ஊரில் எண்ணெய் போட்டு நீவுவோமே, அதே குடும்பம். தசைப்பிடிப்புக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்ட விரலை இழுத்து நீவிவிட்டு இரண்டு வாரம் கழித்து வருகிறார்கள். அதற்குள் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருக்கும்.

இன்னொன்று, விரலின் நுனிக் கணு தொங்கிப்போவது. வலி அதிகம் இருக்காது. நுனியைத் தானாக நிமிர்த்த முடியாது, அவ்வளவுதான். நிமிர்த்தும் தசைநாண் அறுந்ததன் அடையாளம் அது. சின்ன பிளாஸ்டிக் சிம்பு வைத்து ஆறு முதல் எட்டு வாரம் நுனியை நேராகவே வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூட. நடுவில் ஒரு முறை கழற்றி மடக்கிப் பார்த்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. "சும்மா ஒரு தடவை மடக்கிப் பார்த்தேன் சார்" என்று சொல்லாத நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, கம்புக்கு வருவோம். வழக்கமான அளவு 28 அங்குலம், அதாவது 71 சென்டிமீட்டர். கனம் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை. பழகுவதற்குப் பிரம்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பிரம்பு மரமல்ல, கொடிபோல ஏறிப் படரும் பனை இனம். உள்ளே நெடுக நார். அடிபட அடிபட நார் நாராகப் பிரிந்து துடைப்பம்போல ஆகுமே தவிர, கூர்முனையோடு படக்கென்று முறியாது. எடையும் குறைவு. கடையில் அழகாகக் கருத்து மின்னுகிறதே என்று காமகோங் கம்பு வாங்குகிறார்கள். அது கருங்காலி வகை. அதே அளவுப் பிரம்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை. பாஹி என்கிற பனங்கட்டையும் கனமானதுதான். தனியாகச் சுழற்றிப் பழக இவை நல்லவை. ஜோடிப் பயிற்சிக்கு எடுத்து வராதீர்கள். பிளாஸ்டிக் கம்புக்கும் நான் ரசிகன் அல்ல. உடையவே உடையாது என்று சொல்லி விற்கிறார்கள். கம்பு விட்டுக்கொடுக்காவிட்டால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது உங்கள் முழங்கைதான்.

பிரம்பையும் கவனிக்க வேண்டும். ஏசி அறையில் கிடந்து காய்ந்துபோன பிரம்பு சீக்கிரம் பிளக்கும். பயிற்சிக்கு முன் ஒரு துணியால் நெடுக இழுத்துப் பாருங்கள். துணி மாட்டுகிற இடத்தில் சிலாம்பு நிற்கிறது. டேப் சுற்றலாம், ஆனால் டேப்புக்குள்ளே கம்பு எவ்வளவு பிளந்திருக்கிறது என்று பிறகு தெரியாது. கையில் வளைத்துப் பார்த்துத் தொளதொளவென்று இருந்தால் குப்பையில் போடுங்கள்.

கண் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். சினவாலியோ, அடிக்கு எதிரடி என்று மாறி மாறிப் போகும் சும்ப்ராடாவோ, எதிரில் ஆள் நின்று கம்பு சுழற்றினால் கண்ணில் பாலிகார்பனேட் கவசம் இருக்க வேண்டும். ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் போடுவார்களே, அதுவே போதும். பவர் கண்ணாடி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அது உடைந்து கண்ணுக்குள்ளேயே போகலாம். கண்ணில் அடி விழுந்து பார்வை மங்கினாலோ, கருவிழிப் பகுதியில் ரத்தம் தேங்கியது தெரிந்தாலோ, கண்ணைக் கசக்காமல், அழுத்திக் கட்டாமல், தலையை நிமிர்த்தி உட்காரவைத்து அப்படியே கண் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

முகமூடி என்றதும் பலர் வாள்வீச்சு முகமூடியை வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய டாக் பிரதர்ஸ் குழு அந்த முகமூடியும் மெல்லிய கையுறையுமாக நிஜப் பிரம்பில் மோதிப் பிரபலமானது. அதன் விளைவுகளைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த முகமூடியின் கழுத்துத் துணியில் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று போட்டிருப்பது மெல்லிய வாள்முனை குத்தினால் தாங்குமா என்பதற்கான கணக்கு. உச்சந்தலையில் இறங்கும் கம்புக்கு அந்த எண் எதுவும் சொல்லவில்லை. பின்மண்டையில் ஒன்றுமே கிடையாது. தனியாகப் பின்தலைக் கவசம் வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டிகளில் போடும் கனமான அங்கியும் கம்பித் தலைக்கவசமும் வேறு மாதிரி சிக்கல். வலி தெரியாததால் இருவரும் தடுப்பதை மறந்து மாறி மாறி விளாசுகிறார்கள். இது கலையா என்று மூத்த ஆசான்கள் சிலர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. நான் கவலைப்படுவது தலைக்காக. கவசம் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. அடிபட்டவர் தடுமாறினாலோ, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ அன்றைக்குக் கம்பை வாங்கி வைத்துவிடுங்கள். வாந்தியோ கூடிக்கொண்டே போகும் தலைவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பஞ்சு சுற்றிய கம்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நுனிப் பஞ்சு தேய்ந்து உள்கம்பு வெளியே வந்திருந்தால் அது கம்பித் தடுப்பின் இடைவெளியில் நுழையும்.

கத்திப் பயிற்சிக்கு அலுமினியக் கத்தி வாங்குகிறவர்கள் ஒரு அரத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றோடொன்று மோதி விளிம்பில் பிசிறு எழும்பும், அது நிஜக் கத்தி மாதிரியே கீறும். நிஜக் கத்தி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பையில் இருக்கிறது என்பதும் இருப்பதுதான்.

நெருங்கி நின்று ஆயுதம் பறிக்கும் பயிற்சியில் கட்டை விரலின் உள்பக்கத் தசைநார் கிழிகிறது. கம்பு நெம்புகோலாகி விரலை வெளியே தள்ளும்போது விடாப்பிடியாகப் பிடித்திருப்பதுதான் காரணம். கம்பை விட்டுவிடுங்கள், தரையில் விழட்டும். மறுநாள் சாவியைத் திருகவோ காகிதத்தைக் கிள்ளிப் பிடிக்கவோ கட்டை விரலில் தெம்பில்லை என்றால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வளரும் வயதில் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகிற அடி பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாகலாம். மூட்டுக்குப் பக்கத்தில் வீக்கம், தொட்டால் வலி என்றால் எக்ஸ்ரே எடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பஞ்சுக் கம்பும் கண்கவசமும் இல்லாமல் ஜோடியாக நிற்கவைக்கும் வகுப்பில் என் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன். வகுப்புக்குப் போகும் முன் மோதிரத்தையும் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களும்தான். வீங்கிய விரலிலிருந்து அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.