கால் சுற்றில் கழலும் மட்கார்டு

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் 1967-இல் தொடங்கிய பாலைவனப் பந்தயம் பாஹா 1000. அதில் ஓடும் டிராபி டிரக்குகள் பார்வைக்குப் பிக்கப் வண்டி மாதிரிதான் இருக்கும். மட்கார்டு, போனட், பக்கத் தகடு எல்லாம் உண்டு. ஆனால் ஷாக் அப்சார்பரில் கோளாறு என்று வண்டி வந்து நின்றால், மெக்கானிக் தகட்டைப் பிடித்திருக்கும் சில திருகிகளில் (கால் சுற்றில் பூட்டித் திறக்கும் ஆணிகள்) ஒரு கருவியை வைத்து லேசாகத் திருப்புவார். அவ்வளவுதான், மட்கார்டு கையோடு வந்துவிடும்.

இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் திருகியைப் பற்றித்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்தத் தகடு என்ன சுமையைத் தாங்குகிறது?

நாம் ஓட்டும் சாதாரணக் காரில் தரை, தூண்கள், கூரை, பின்பக்கத் தகடு எல்லாம் வெல்டிங்கில் ஒன்றாகி ஒரு பெட்டிபோல் வேலை செய்கின்றன. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டை எடுக்க வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதே காரில் முன் மட்கார்டும் போனட்டும் கதவும் போல்ட்டில் நிற்கின்றன. அவற்றைக் கழற்றினாலும் காரின் உறுதி அதிகம் குறையாது. டிராபி டிரக்கில் இந்தப் பிரிவினை முழுமையானது. எஃகுக் குழாய்களால் ஆன கூடுதான் சுமை முழுவதையும் தாங்குகிறது. அதற்கு மேலே போர்த்தியிருக்கும் ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்குக் காற்றையும் கல்லையும் சேற்றையும் தடுப்பது மட்டும்தான் வேலை.

சுமை இல்லாத தகட்டின்மேல் தெரியாமல் சுமையை ஏற்றிவிடவும் முடியும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது வண்டியின் சட்டம் (சுமையைத் தாங்கும் அந்த எஃகுக் கூடு) முறுகும். தகட்டை நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து முறுக வேண்டும். முறுக மறுத்தால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும், அல்லது ஓட்டை நீண்டுபோகும். வெயிலும் சும்மா இருப்பதில்லை. 1.5 மீட்டர் நீள அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் சுமார் 1.4 மி.மீ. நீளும், அதைத் தாங்கும் எஃகு அதில் பாதிதான் நீளும். ஆகவே ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அளவாகத் துளைத்து, அதைத் தகட்டின் இருப்பிடமாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது ஓட்டை நீள்வட்டம். மற்றவை சற்றே பெரியவை, ரப்பர் வாஷரோடு. பாறையில் இடித்துச் சட்டம் கொஞ்சம் வளைந்த பிறகும் தகட்டைத் திரும்ப மாட்ட முடிவது இந்த இடைவெளியால்தான். கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் ஒரு வடிவமைப்பின் தரம் தெரியும் என்பது என் கருத்து.

அடுத்தது காற்று. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். போனட்டின் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டால் போதும், காற்று உள்ளே புகுந்து அதைப் பிய்த்துவிடும். அதனால் முன்விளிம்பை ஒரு மடிப்புக்குள் செருகுகிறார்கள். கூரைக்கு ஓடு வேய்வதுபோல, முன்னால் உள்ள தகடு பின்னால் உள்ளதன்மேல் படிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பொறுப்பை முளைகளும் மடிப்புகளும் ஏற்றுக்கொண்டால், திருகிக்கு மேலெழாமல் தடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். சின்ன வேலை என்பதால் சின்னத் திருகியே போதும்.

சரி, இப்போது திருகிக்கு வரலாம். ஒரு மட்கார்டுக்கு 6 மி.மீ. போல்ட் எட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஒவ்வொன்றும் 12 மி.மீ. உள்ளே போயிருந்தால் மொத்தம் 96 சுற்று. நேரம் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை, ஆனால் போல்ட்டுக்கு வேறொரு பலவீனமும் உண்டு. மரை என்பது உருளையைச் சுற்றிப் போகும் ஒரு சரிவுப் பாதை. நட் அதில் வழுக்கி இறங்காமல் நிற்பது உராய்வால்தான். தகடு பக்கவாட்டில் மீண்டும் மீண்டும் நழுவினால் அந்த உராய்வு தன் பிடியை இழக்கிறது, நட் தானாகவே இறங்க ஆரம்பிக்கிறது. போல்ட்டைக் கழற்றுவதில் குறுக்கு அதிர்வே மிகக் கொடியது என்று ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனையில் காட்டினார். கரடுமுரடான பாதையில் ஆடும் மெல்லிய தகடு தருவது பெரும்பாலும் இந்தக் குறுக்கு அதிர்வைத்தான்.

1930-களில் அமெரிக்காவில் வில்லியம் ஜூஸ் விமான எஞ்சின் மூடிகளுக்காகச் செய்த கால் சுற்றுத் திருகி வேறு வழியில் போகிறது. அதன் தண்டின் நுனியில் சுருளாக வெட்டிய ஒரு பிளவு. எதிர்ப்பக்கத்தில், சட்டத்தில் ரிவெட் அடித்த விறைப்பான ஸ்பிரிங் கம்பி. தண்டை அழுத்தி 90 டிகிரி திருப்பினால் பிளவு கம்பியைக் கவ்வித் தன்பக்கம் இழுக்கும். முடிவில் ஒரு சின்ன மேடு. அதைத் தாண்டியதும் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து "டக்" என்று உட்காரும். திரும்பிக் கழல வேண்டுமானால் கம்பி முதலில் இன்னும் கொஞ்சம் வளைந்து அந்த மேட்டை ஏற வேண்டும். அதிர்வு எவ்வளவு உலுக்கினாலும் அது லேசில் நடக்காது. போல்ட்டில் எங்கே நின்றாலும் சரிவு. இங்கே நிற்பதற்கென்று ஒரு பள்ளமே இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. தண்டின் நீளம், தகடு, ரப்பர், பெயின்ட் எல்லாம் சேர்ந்த கனத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நீளம் கூடினால் தகடு கடகடக்கும், குறைந்தால் பூட்டவே பூட்டாது. கம்பி தரும் இறுக்கமும் குறைவு. பம்பர், விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் வடச் சுருள்) போன்றவற்றுக்கு இது ஆகவே ஆகாது, அங்கே போல்ட்தான்.

பந்தயத்துக்கு வெளியே இந்த எண்ணம் இன்னும் பழையது. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கு, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் பிர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். எஃகுச் சட்டத்தின்மேல் மட்கார்டுகள் போல்ட்டில் நின்றன. நசுங்கினால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது அந்த வண்டிக்காரர்கள் நன்கு அறிந்த தொல்லை. இன்று தகடு மாற்றுபவர்கள் இடையே ரப்பரோ நைலான் வாஷரோ வைப்பதை மறக்கக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது மின்கம்பியில். திருகிகளை நொடியில் கழற்றிவிட்டு, இண்டிகேட்டர் கம்பியை வெட்டிக்கொண்டு நின்றால் என்ன பயன்? விளக்கைச் சட்டத்திலேயே பொருத்திவிடுவது சிறந்த வழி. முடியாவிட்டால் தண்ணீர் புகாத இணைப்பி ஒன்று, கை எட்டும் இடத்தில்.

அப்புறம் சேறு. திருகியின் தலையில் உள்ள வெட்டு காய்ந்த மண்ணால் அடைந்துவிட்டால் கருவி இறங்காது, அதனால் அகலமான வெட்டோ, விரலால் திருப்பும் சிறகோ உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். மாட்டிய பிறகு ஒவ்வொரு தலைமேலும் தகட்டின்மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், பூட்டாமல் விட்ட திருகியில் கோடு உடைந்து நிற்கும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே தெரிந்துவிடும்.