ஹைபிரிட்: சொல் விளக்கம்

கொழும்பில் உயரமான, பருத்த எந்த வாகனமும் நமக்கு ஜீப்தான். அந்த ஜீப்பை விற்க வருபவர் முதலில் எடுத்துவிடும் சொல் ஹைபிரிட். ஹொண்டாவின் வெசல் ஹைபிரிட் ஜீப் 2013 கடைசியில் ஜப்பானில் வெளியாகி, பிறகு இங்கேயும் வந்து இறங்கியதும் இந்தச் சொல் வெள்ளவத்தை வீடுகளிலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் நன்றாகப் பழகிவிட்டது. பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வாகனம் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது அதன் பலன், பொருள் வேறு: பெற்றோல் இயந்திரம், மின்மோட்டார் இரண்டும் கொண்ட வாகனம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியை ஹிப்ரிடா என்றார்கள். உரோமத் தந்தைக்கும் அந்நியத் தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கும் அதே பெயர் வந்தது. பின்னர் தாவரவியல் அதை எடுத்துக்கொண்டது, அப்புறம் பொறியியல். பெற்றோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் முயற்சியைப் பொறியியலாளர் ஃபெர்டினன்ட் போர்ஷ 1900இலேயே செய்தார். பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1997இன் டொயோட்டா பிரியஸ். ஜீப் வகைக்கு, அமெரிக்காவில் 2004இல் ஃபோர்ட் எஸ்கேப் ஹைபிரிட் வழி திறந்தது.

ஜீப்புக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? பாரம்தான் காரணம். காலி வீதி நெரிசலில் பிறேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஓட்டத்தின் சக்தி வெப்பமாக வீணாகிறது; வாகனம் பாரமாக இருந்தால் வீணாவதும் கூடும். ஹைபிரிட்டில் அந்த நேரம் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, சக்தியில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்னலில் நிற்கும்போது இயந்திரம் அணைந்துவிடும், புகையும் இல்லை. தெற்கு அதிவேக வீதியில் கதை வேறு. அங்கே பிறேக் போடுவது குறைவு, உயரமான உடல் காற்றோடு போராடுகிறது, ஆகவே ஆதாயமும் சுருங்கும்.

கணக்கையும் பாருங்கள். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் ஜீப் 12 ஓடினால், 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றருக்கு மேல் மிச்சம். 16 ஓடும் சிறிய கார் 24 ஓடினாலும் 2 லீற்றர் அளவில்தான் மிஞ்சும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அப்படிப் பார்த்தால், ஜீப்பின் எரிபொருள் செலவைக் குறைப்பதில்தான் காற்றுக்குக் கிடைக்கும் நன்மை அதிகம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலப்பின வாகனம் என்று எழுதுவதுண்டு. விதைக்கும் மாட்டுக்கும் கலப்பினம் அழகான சொல். வாகனத்துக்கு இனமேது? கலப்பு என்று மட்டும் சொன்னாலோ இன்னொரு சிக்கல்: பெற்றோலுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தாலே மண்ணெண்ணெய்க் கலப்படம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் இங்கே எதுவும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வலு தரும் மூலங்கள் இரண்டு, தனித்தனியாகவும் சேர்ந்தும் வேலை செய்கின்றன. நம் பாடசாலைப் பௌதிகவியல் நூல்களில் வலு என்ற சொல் உறுதியாக இருக்கிறது. குதிரைவலு என்று கராஜிலும் சொல்கிறோம். ஆகவே இருவலு வாகனம் என்பதே என் தெரிவு. வீட்டு மின் இணைப்பில் செருகி மின்னேற்றக்கூடிய வகையை மின்னேற்று இருவலு வாகனம் எனலாம்.

மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படுவதற்கு இந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அங்கே மோட்டார் சிறியது, இயந்திரத்துக்குக் கைகொடுப்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். எரிபொருள் மிச்சமும் அதற்கேற்பக் குறைவு. அதைத் துணைவலு வாகனம் என்று சொல்லலாம். வாங்கப் போகிறவர் விற்பவரிடம் ஒன்றைக் கேட்டாலே போதும்: இயந்திரம் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் சக்கரத்தைச் சுழற்றி வாகனத்தை ஓட்டுமா? ஓட்டும் என்றால் இருவலு, இல்லையென்றால் துணைவலு.