குடலுக்குள் கடுகு அரைக்கும் பாக்டீரியா

வடுமாங்காய்க்குக் கடுகு அரைத்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்து இரண்டு சுற்று அரைத்தாலே காட்டம் மூக்கில் ஏறும். அதே கடுகை எண்ணெயில் போட்டுத் தாளித்தால் அந்தக் காட்டம் வருவதில்லை. கடுகுக்குள் குளுக்கோசினோலேட் என்ற பொருளும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. அரைத்தால் இரண்டும் கலந்து காட்டம் பிறக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் நொதி செத்துப்போகிறது, அவ்வளவுதான்.

ப்ரோக்கோலியும் கடுகுக் குடும்பம்தான். அதில் இப்படிப் பிறப்பது சல்ஃபோராஃபேன். ஆய்வகத் தட்டுகளில் புற்றுநோய் செல்களைக் கொல்லும் பொருள் அது. ஆனால் ப்ரோக்கோலியை வேகவைத்தால் நொதி போய்விடும். பச்சையாக மென்றாலும், உண்டாகும் சல்ஃபோராஃபேனில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடலில் இருக்கிற புற்றுக் கட்டிக்குப் பக்கத்தில் போய் யார் அரைப்பது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாங் குழுவினர் இந்த வேலைக்கு ஒரு பாக்டீரியாவைத் தயார் செய்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஈ.கோலை நிஸ்லே 1917. முதல் உலகப்போரில் கூட இருந்தவர்களெல்லாம் வயிற்றுப்போக்கில் படுத்துவிட, ஒரு ஜெர்மன் சிப்பாய் மட்டும் தெம்பாக இருந்தார். அவர் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர் பிரித்தெடுத்த நல்ல பாக்டீரியா இது. மருந்தாகவும் விற்கிறார்கள்.

அதற்கு இரண்டு மாற்றங்கள். ஒன்று, மேல்தோலில் ஒரு ஒட்டும் புரதம். பெருங்குடல் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை அது பிடித்துக்கொள்ளும். இரண்டு, மைரோசினேஸைச் சுரக்கவைக்கும் மரபணு. அப்புறம் ப்ரோக்கோலிச் சாற்றைக் கொடுக்க வேண்டியதுதான். கட்டியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பாக்டீரியா அங்கேயே சல்ஃபோராஃபேனைத் தயாரித்துவிடும். தட்டில் 95 சதவீதத்துக்கும் மேலான புற்றுச் செல்கள் செத்தன. எலிகளில் கட்டிகளின் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

எலிக்கணக்கு என்பதை மறக்க வேண்டாம். வீட்டுத் தயிரில் இருக்கும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவுக்கு இந்த ஒட்டும் புரதமும் கிடையாது, அந்த மரபணுவும் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவை நிறுத்தித் தயிருக்கு மாற வேண்டாம்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நிஸ்லே பாக்டீரியாவிடமே கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு இருக்கிறது. அந்த நச்சு டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அது விட்டுப்போகும் தனித் தழும்பு சில பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். காவலுக்கு வைத்தவன் மடியிலேயே கத்தி! சரி, அந்தத் தொகுப்பை மொத்தமாக வெட்டி எறியலாமே என்றால், நிஸ்லேவின் நல்ல குணங்களில் சில அதே மரபணுக்களை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் நச்சை மட்டும் முடக்கும்படி, வேறு ஆய்வாளர்கள் ஒரு நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.