மாற்றிய செட்டிங் எங்கே தொலைகிறது?

கம்ப்யூட்டரில் தேதியைத் திருத்துகிறோம். மறுநாள் காலையில் பழைய தேதியே வந்து நிற்கிறது. மண்டபம், பாம்பன், கீழக்கரை எனக் கடலோரத்தில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் மீன் கம்பெனி ஆபீஸிலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். உடனே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. மாற்றம் எப்போது மறைகிறது என்று கவனித்தால் போதும், எங்கே தொலைகிறது என்று பிடித்துவிடலாம்.

மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் தேதி போகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல்லைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். கரன்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டுக்கு இந்தச் செல் பல வருடம் தாங்கும். நம் கரையில் அது சீக்கிரமே தளர்ந்துபோக உப்பும் ஒரு காரணம். கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் பாம்பன் தீவில் எல்லாப் பக்கமும் கடல்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், போர்டில் படிந்த உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். செல்லின் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

ஆகவே செல்லை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். செல் உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். அதில் பச்சையாகப் பூத்திருந்தால், புதுச் செல் போட்டும் பயனில்லை. பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களும் திறக்காது. அந்தத் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். நெட்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

கடிகாரம் சரியாக 5.30 மணி நேரம் மட்டும் பிசகினால் செல்லின் மேல் குற்றமில்லை. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தந்த பல லேப்டாப்களில் அப்படித்தான் இருந்தது. மதர்போர்டின் கடிகாரச் சிப்பில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதைச் சர்வதேச நேரமாகக் கொள்கிறது. ஒன்று திருத்துவதை மற்றது குலைக்கிறது. சிப்பில் இருப்பது உள்ளூர் நேரம் என்று லினக்ஸிடம் சொல்லிவிட்டால் தகராறு தீர்ந்தது.

அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் வேறொரு தொல்லை. மீன் ஏலத்தில் கணக்குப்பிள்ளை முதலில் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார். விண்டோஸும் மாற்றத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி, சற்றுப் பொறுத்தே டிஸ்க்கில் எழுதுகிறது. பல மென்பொருள்கள் மூடும்போது மட்டுமே தங்கள் செட்டிங்கை எழுதும். இடையில் கரன்ட் போனால் அது போனதுதான். யுபிஎஸ் இல்லாவிட்டால், செட்டிங்கை மாற்றியதும் அந்த மென்பொருளை ஒருமுறை முறையாக மூடித் திறப்பது நல்லது.

ரீஸ்டார்ட் செய்ததும் டெஸ்க்டாப் ஃபைல்கள் உட்பட எல்லாமே போகிறதா? உங்கள் கணக்கின் ஃபைல் பழுதாகி, விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டிருக்கலாம். ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் ‘டெம்ப்’ என்ற பெயர் தெரிந்தால் அதுதான். பிரவுசிங் சென்டர்களில் வேண்டுமென்றே அப்படி அழிக்கும் மென்பொருள் போட்டிருப்பார்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஆகிறதென்றால், அது தலைமை சர்வரின் வேலை. நிறுவனம் போட்டுவைத்த செட்டிங் விதிகள் விண்டோஸில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 30 நிமிடம் தள்ளி, மறுபடி இறங்கும். அங்கே எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது. நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். டீஃபால்ட் பிரிண்டர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், ‘விண்டோஸே பிரிண்டரை நிர்வகிக்கட்டும்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு சோதனை. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நாலு வரி எழுதிச் சேமித்து, முறையாக ஷட் டவுன் செய்து, மறுபடி திறந்து பாருங்கள். ஃபைலைக் காணவில்லையா? தேய்ந்துபோன சில எஸ்எஸ்டி டிஸ்க்குகளும் மெமரி கார்டுகளும் எழுதியதுபோல் காட்டிவிட்டு எழுதாமல் விட்டுவிடும். அதில் படிக்க இன்னும் முடிகிறபோதே, கணக்கையும் போட்டோக்களையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.